வலது கண்தான் வேண்டும்

எடமலைப்பட்டி புதூர் தர்மக் கண்ணாஸ்பத்திரியை நடத்துகிற அல்போன்சாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் "அது அப்படித்தான்" என்று விட்டுவிட அவருக்குத் தெரியாது. வயது ஐம்பதைத் தாண்டி, மருமகளும் வீட்டுக்கு வந்தாயிற்று. இன்னமும் எதிர்வீட்டில் பட்டப்பகலில் ஏன் வாசல் விளக்கு எரிகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காட்டூரில் அவர் தெருக்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் மரியாதையாக "சி.பி.ஐ. மேடம்" என்கிறார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான்.

ஆனால் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி இவ்வளவு நன்றாக ஓடியிருக்காது. இலவச வார்டில் அத்தனை கட்டில் போட்டும் ஜனங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்கள். "பழக்கதோஷம்" என்றார்கள் எல்லோரும். அல்போன்சா ஒரு மத்தியானம் தானே கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்தார். ரெக்சின் மெத்தை. திருச்சி வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே முதுகு வெந்துவிட்டது. மறுவாரம் எல்லா மெத்தைக்கும் பருத்தி உறை வந்தது, ஜனங்களும் மேலே ஏறிவிட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கிற கறுப்புக் கண்ணாடி மறுபரிசோதனைக்கு வரும்போது ஏன் யார் மூக்கிலும் இல்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பைக்கில் திரிகிற பேரன்களின் முகத்தில் இருந்தது.

ஒரே ஒரு கேள்விதான் அவருக்குப் பிடி கொடுக்காமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லால்குடிப் பக்கமோ ஸ்ரீரங்கத்துப் பக்கமோ முகாம் போடுவார்கள். புரை விழுந்தவர்களை வேனில் ஏற்றிவந்து ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழாதவர்கள் குறைவு. ஒரு மாதம் கழித்துச் சொன்னபடி காட்டிவிட்டும் போவார்கள். அதோடு சரி. அடுத்த கண்ணும் புரை மூடித்தான் இருக்கும், அதற்கு வரவே மாட்டார்கள். முழுசாகக் குணமான பிறகு எதற்கு வராமல் இருக்கிறார்கள்? "ஒரு கண்ணு தெரிஞ்சாப் போதும்னு நினைக்கிறாங்க மேடம், அவ்வளவுதான்" என்பார் டாக்டர் ரேஷ்மா. அல்போன்சா தலையாட்டுவார். மனசு தலையாட்டாது. தனக்கு இரண்டு கண்ணும் வேண்டியிருக்கும்போது அவர்களுக்கு மட்டும் ஒன்று எப்படிப் போதும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் ஆபீஸ் கதவைக்கூடத் திறக்கவில்லை, நர்ஸ் பெலிண்டா ஓடிவந்தாள்.

"மேடம், பிளாஸ்திரி இடம் மாறியிருக்கு!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதில் தப்பு நேரக்கூடாது என்று, முதல்நாள் சாயங்காலமே அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். ரெங்கம்மாள் என்கிற ஸ்ரீரங்கத்துப் பெண்மணிக்கு இடது பக்கம் ஒட்டியிருந்தது. ஒட்டியது பெலிண்டாவேதான். விடிந்து பார்த்தால் அது வலது புருவத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கம் உரித்த இடம் செவசெவ என்று இருந்தது.

"யாரும்மா மாத்தி ஒட்டினது?" என்று கேட்டார் அல்போன்சா.

ரெங்கம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, உரமேறிய கை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "தானா விழுந்துச்சுங்க. எடுத்து ஒட்டிக்கிட்டேன்."

"விழுந்தது இடது பக்கம். ஒட்டினது வலது பக்கமா?"

"கண்ணு தெரியலைங்களே."

கண் தெரியவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறார் என்பதால் இந்தப் பதிலை யாராலும் மறுக்க முடியவில்லை. பெலிண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் ரேஷ்மா சிரிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, உங்க வலது கண்ணுக்குப் பக்கத்துல கண்ணீர்ப் பை அடைச்சுக் கிடக்கு. அமுக்கினா சீழ் வருது. அதோட அந்தக் கண்ணுல கத்தி வெச்சா சீழ் உள்ள போயிடும், கண்ணே போயிடும். இடதுல புரை முத்திப்போயிருக்கு. அதை இன்னும் விட்டா உள்ளயே வெடிச்சு பிரஷர் ஏறும். அப்புறம் யாரு பண்ணினாலும் பார்வை வராது. அதனால இன்னைக்கு இடது."

ரெங்கம்மாள் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "வலதுன்னா பண்ணுங்கம்மா. இல்லாட்டி நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

எத்தனை விதமாகச் சொல்லியும் அதே பதில்தான். கடைசியில் டாக்டர் எழுந்துகொண்டார். "இவங்களைக் கடைசி ஆளா வைக்கிறேன் மேடம். ரெண்டு மணி வரைக்கும் தியேட்டர்ல இருப்பேன். சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். இப்படியே வீட்டுக்குப் போனாங்கன்னா இடது கண்ணு கணக்குல இல்லைனு வெச்சுக்குங்க" என்று அல்போன்சாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அல்போன்சாவுக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், கவலையைவிட ஒரு படி மேலே குறுகுறுப்பு இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடுகிறவர்களை அவருக்குத் தெரியும். பயந்து பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவரைக்கூடத் தெரியும். இன்ன கண்தான் வேண்டும் என்று, வாழைத்தாரில் சீப்புப் பார்த்துக் கேட்பதுபோல அடம்பிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வலது கண்ணுக்கு ஏதாவது வேண்டுதலா? இல்லைங்க. ஜோசியர் யாராவது சொன்னாரா? ஜோசியருக்கு நாங்க எங்கங்க போறது? இடது பக்கம் தொட்டால் ஆகாது என்று பெரியவங்க சொன்னாங்களா? அதெல்லாம் இல்லைங்க. பின்னே ஏம்மா? ரெங்கம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டார். விடாக்கண்டனுக்கு ஒரு கொடாக்கண்டன் வாய்த்ததைப் பார்க்க வார்டே எழுந்து உட்கார்ந்திருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்து அல்போன்சா எழுந்திருக்கப் போனபோதுதான் ரெங்கம்மாள் முணுமுணுத்தார்: "எங்க வீட்டுக்காரருக்குப் போன வருசம் நீங்கதான் பண்ணி விட்டீங்க. இடது."

"அதனால?"

ரெங்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதையோ உளறிவிட்டவர் முகம் அது.

புருஷனுக்கு இடது என்றால் பெண்டாட்டிக்கு வலதா? இது என்ன கணக்கு? அல்போன்சா, சீட்டில் இருந்த நம்பரில் ரெங்கம்மாளின் புருஷனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேர் மருதை, அம்மா மண்டபம் ரோட்டில் கொய்யாப்பழ வண்டி தள்ளுகிறார் என்பது மட்டும் பக்கத்துக் கட்டில்காரர் தயவில் தெரிந்தது. அது போதாதா! வேன் டிரைவர் ஹாலித்தை எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வேணாம்னா விடுங்க மேடம்" என்றான் ஹாலித், காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்ட கடுப்பில். "ஓசியில பண்ணி விடுறோம். அதுல இந்தக் கண்ணு வேணும், அந்தக் கண்ணு வேணாமா? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குற கதையா இருக்கு."

"பாக்கட்டுமே. மாட்டை வெச்சு உழப்போறது அவங்கதானே?"

ஹாலித் ஹாரனை அழுத்தினான்.

அம்மா மண்டபம் ரோட்டில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களும் தர்ப்பணத்துக்கு வந்தவர்களுமாகக் கூட்டம். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவற்றின் எதிரே, ரோட்டின் தப்பான பக்கத்தில், ஒரு தள்ளுவண்டி நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டித் திட்டினான். வண்டிக்காரர் கண்டுகொள்ளவில்லை. பஸ் வந்தால் அழகாக ஒதுங்கினார். ஆனால் வலப்பக்கம் கடை வாசலில் நின்றிருந்த ஸ்கூட்டரைக் கவனிக்காமல் போய் இடித்தார். சக்கரத்தோரம் இரண்டு கொய்யா உருண்டு சாக்கடையில் விழுந்தன.

"ராங் சைடுல வர்றாரு பாருங்க மேடம். இவருதான் உங்க ஆளு, நான் பந்தயம் கட்டுறேன்" என்றான் ஹாலித்.

அல்போன்சா இறங்கி ஓடினார். "ஐயா, மருதைங்கிறது நீங்கதானே? நான் கண்ணாஸ்பத்திரியிலிருந்து வர்றேன்."

மருதை வண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "ரெங்கத்துக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், "எந்தக் கண்ணுங்க பண்ணாங்க?" என்றார்.

ஆக, இவருக்கும் தெரியும்! "இன்னும் பண்ணலை. அவங்க நல்லாத்தான் இருக்காங்க. அது இருக்கட்டும், நீங்க ஏன்யா இந்தப் பக்கமா வர்றீங்க?"

கேட்க வந்தது வேறு, கேட்டது இது. பழக்கம் போகுமா?

"இந்தப் பக்கம் வந்தாத்தானேங்க எனக்கு பஸ்ஸு தெரியும்?" என்றார் மருதை. இதுகூடத் தெரியாதா என்கிற தொனி. "எனக்குத் தெரியுறது இடது கண்ணு. பஸ்ஸு இடது கைப்பக்கம் வந்தா பாத்துக்குவேன். ரெங்கம் கூட இருந்தா ஒழுங்கான பக்கம்தாங்க போவோம். நான் இடது கைப்பக்கம் பிடிச்சுக்கிட்டு சாக்கடை, கல்லு, நிக்கிற வண்டி எல்லாம் பாத்துக்குவேன். அது வலது கைப்பக்கம் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸைப் பாத்துக்கும். இப்ப அதுக்கு வலது கண்ணும் மங்கிப்போச்சு. ஆடி மாசம் ஒரு பஸ்ஸு கண்ணாடி தோள்பட்டையில அடிச்சுக் கீழ விழுந்துடுச்சு. அதனாலதான் கூட்டியாந்து விட்டேன்."

"அதுக்காகத்தான் வலதுங்கிறாங்களா? இடது பண்ணிட்டு, அப்புறம் வலதும் பண்ணிக்கலாமே!"

மருதை அவரை ஒருமாதிரிப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு கண்ணுதானேங்க குடுக்குறீங்க?"

"யாரு சொன்னா?"

"யாருங்க சொல்லணும்? இலவசம்னா ஆளுக்கு ஒண்ணுதானே. கார்டுக்கு ஒரு மிக்ஸி, கார்டுக்கு ஒரு ஃபேனு. இந்தா, கோயில்ல அன்னதானம் போடுறாங்க. ஒருதடவை உக்காந்து சாப்பிட்டவன் திரும்பப் போய் வரிசையில நின்னா பாக்குறவங்க காறித் துப்ப மாட்டாங்க? எனக்குப் பண்ணி விட்டப்பவே டாக்டரம்மா சொன்னாங்க, இன்னொண்ணை அப்புறம் பாக்கலாம்னு. பெரிய மனுசங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைனு சொல்வாங்களா? நாமதான் புரிஞ்சுக்கணும். அதான் நானும் அதுவும் பேசி வெச்சுக்கிட்டோம். எனக்கு இடது வந்துடுச்சு, அதுக்கு வலதைக் கேட்டு வாங்கிட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி ஆயிடும். வண்டி ஓடிரும். எங்க தெருவுல புருசன் பொண்டாட்டி எல்லாம் இப்படித்தாங்க."

இத்தனை வருஷமாக அல்போன்சா தேடிக்கொண்டிருந்த பதில் கொய்யாப்பழத்துக்கு நடுவில் கிடந்தது. வராதவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒன்று போதும் என்று இருந்துவிட்டவர்களும் இல்லை. தர்மம் செய்கிற இடத்தில் இரண்டாம் முறை கை நீட்டக்கூடாது என்கிற நாணயஸ்தர்கள். முகாமில் மைக் பிடித்துத் தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே, குனியாதே என்று என்னென்னவோ சொன்னார்கள். இன்னொரு கண்ணும் உனக்கு உண்டு, உரிமையோடு வா என்று ஒருவரும் சொன்னதில்லை, அல்போன்சா உள்பட. அவருக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏறுங்கய்யா வேன்ல" என்றார்.

"வண்டி?"

பக்கத்து டீக்கடை ஹனீஃபா, வண்டியைத் தன் கடையோரம் இழுத்து நிறுத்திக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன், நீ போ மருதை" என்றார். போகிறபோக்கில் ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தும் கொண்டார்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது வார்டு காலியாக இருந்தது. எல்லோரும் கட்டோடு அடுத்த அறைக்குப் போயிருந்தார்கள். ரெங்கம்மாள் ஒருவர் மட்டும் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருதை அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். "ரெங்கம், ரெண்டும் உண்டாம்."

"யாரு சொன்னா?"

"இந்தம்மாதான். இவங்கதான் இங்க எல்லாமாம்."

ரெங்கம்மாள் மங்கின கண்ணால் அல்போன்சாவைத் தேடினார். "அப்புறம் பாக்கலாம்னு சொல்வீங்க."

"சொல்ல மாட்டேன்மா. இன்னைக்கு இடது. அது ஆறினதும் கண்ணீர்ப் பை அடைப்பு. அது ஆறினதும் வலது. நாள் குறிச்சு நானே வேன் அனுப்புறேன். நீங்க கேக்கவே வேணாம், நாங்க வந்து கூப்பிடுறோம்."

ரெங்கம்மாள் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். உடனே ஒரு புதுக் கவலை வந்துவிட்டது. "அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் இடதுதானே இருக்கும்? பஸ்ஸை யாரு பாக்குறது?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் ரேஷ்மாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கே வலது பண்ணிடலாம். வந்தது வந்துட்டாரு, இங்கயே இருக்கட்டும். ஆனா கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் வண்டியைத் தொடக்கூடாது."

"போன வருசமும் அப்படித்தான் சொன்னீங்க" என்று ரெங்கம்மாள் வாய்தவறிச் சொல்ல, மருதை அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு தியேட்டர் வாசல்வரை போன ரெங்கம்மாள் அங்கே நின்றுவிட்டார். பயமாக்கும் என்று அல்போன்சா தோளைத் தொட்டார். பயம் இல்லை, கோபம். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எங்க தெருவுல எத்தனை பேரு ஒத்தைக் கண்ணோட செத்துப்போனாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அல்போன்சாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவரே ரெங்கம்மாளின் தெருவுக்குப் போனார். மேலூர் ரோட்டை ஒட்டிய சந்து அது, கொள்ளிடக் காற்று நேரே வந்து அடிக்கும். ரெங்கம்மாள் இடது கண் தெளிந்த மிடுக்கில் முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இன்னொண்ணும் உண்டாம், வாங்க! சும்மா இல்ல, நானே கேட்டுட்டு வந்துட்டேன்!" என்று கூவினார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற தோரணைதான். சிலர் சிரித்தார்கள். சிலர் நம்பாமல் அல்போன்சாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர், வந்தால் வேனில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

கடைசி வீட்டில் ஆனந்தவள்ளி என்கிறவர் வாசற்படியில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். அல்போன்சா அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்ததும் ஒரு கணம் அவர் கை நின்றது. பிறகு உடம்பையே முழுசாகத் திருப்பி, வந்தது யார் என்று வலது கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பூவை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் இன்னொரு கண்ணு பண்ணலாம்மா. இடது பக்கமும் நல்லாத் தெரியும்" என்றார் அல்போன்சா.

"ரெங்கம் வீட்டுக் கணக்குத்தாங்க எங்க வீட்லயும்" என்றார் ஆனந்தவள்ளி. "எனக்கு வலது, அவருக்கு இடது. கூட நடந்தா எப்பவும் எனக்கு இந்த இடது கைப்பக்கம்தான் வருவாரு. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு. இந்தப் பக்கம் யாராச்சும் வந்து உக்காந்தா, திரும்பிப் பாக்குற வரைக்கும் அவருன்னே நினைச்சுக்குவேன். தெரியாத பக்கம்தானே, நினைச்சுக்கலாம். இப்பக்கூட அப்படித்தான் நினைச்சேன்."

ஆனந்தவள்ளி நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். அல்போன்சாவுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. சும்மா அந்த இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சந்து முனையில் ஹாலித் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தான். ரெங்கம்மாள் கீழே சிந்திய பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

பூ பாதி கட்டி முடிந்த பிறகு ஆனந்தவள்ளி கேட்டார்: "வேன் ஞாயித்துக்கிழமைதானேங்க வரும்?"

"ஆமாம்மா."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."